ரிப்பீட்டரா, மெஷ்ஷா, ஒரு சுருள் கேபிளா?

எங்கள் வீட்டு ரவுட்டர் இருப்பது முன் ஆசாரத்தில். நான் லேப்டாப்போடு உட்காருவது தறிக்குடோனைத் தாண்டி, கணக்குப் பார்க்கிற அறையில். நடுவே இரண்டு செங்கல் சுவர், எட்டுத் தறி, மேலே தகரக் கூரை. விசைத்தறி ஓடும் சோமனூர், பல்லடம் பக்கத்துக்காரர்களுக்கு இந்த அமைப்பை விளக்க வேண்டியதில்லை. வைஃபை பத்து நிமிடம் ஒழுங்காக ஓடும். வீடியோ காலில் நான் பேச வாயெடுத்ததும் போய்விடும். "கரண்டு இருக்குதல்ல கண்ணு, அப்பறம் எப்பிடி நெட்டு மட்டும் போகும்?" என்பார் அப்பாரு.

கடைக்குப் போனால் ஆளுக்கு ஒன்றைக் காட்டுவார்கள். அதற்கு முன் பைசா செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட்டை இரண்டு ஜன்னலாகத் திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1), இன்னொன்றில் வெளியே இருக்கிற கூகுள் சர்வரான 8.8.8.8-க்கும், பதில் வருகிறதா என்று விடாமல் கேட்டுப் பார்க்கிற பிங் கட்டளையை (ping -t, பிறகு முகவரி) ஓடவிடுங்கள். நெட் போகும் நேரத்தில் இரண்டாவது மட்டும் நின்றால் கோளாறு பெரும்பாலும் ரவுட்டருக்கு வெளியே. இணைப்புக் கொடுத்தவரைக் கூப்பிடலாம். முதலாவதே நின்றால் குற்றவாளி வீட்டுக்குள் இருக்கிறது. எனக்கு முதலாவதே நின்றது. அதற்குள் நான் இணைப்புக் கொடுத்த ஆளை இரண்டு முறை வரவழைத்துச் சண்டையும் போட்டிருந்தேன்.

அடுத்து, லேப்டாப் பக்கத்திலேயே செல்போனை வைத்துப் பார்த்தேன். போனும் திணறியது, ஆனால் லேப்டாப் அளவுக்கு இல்லை. அதாவது சிக்கல் இரண்டு: ஒன்று தூரம், இன்னொன்று லேப்டாப். பின்னதற்கு மருந்து, டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் இருக்கிற 'மின்சாரம் மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைக்கலாம்' என்ற டிக்கை எடுத்துவிடுவது. சில புதிய லேப்டாப்களில் அந்தப் பகுதியே கண்ணில் படாது. அப்படியானால் தயாரிப்பாளர் தளத்திலிருந்து டிரைவரைப் புதுப்பித்துப் பாருங்கள். எனக்கு டிக்கை எடுத்ததிலேயே பாதித் தொல்லை தீர்ந்தது.

மீதிப் பாதிக்குத்தான் போட்டி.

யூஎஸ்பி வைஃபை அடாப்டர் விலை குறைவு. உங்கள் லேப்டாப் பழசாகி, வைஃபையின் பழைய அலைவரிசையான 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே பிடிக்கிற கார்டாக இருந்தால் வாங்கலாம். யூஎஸ்பி 3.0 துளையே 2.4-இல் இரைச்சல் கிளப்பும் என்பதால் சின்ன நீட்டிப்பு ஒயர் போட்டுத் தள்ளி வைப்பது நல்லது. ஆனால் சுவரை இதனால் கரைக்க முடியாது.

5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறலாமே என்றால், வேகம் அதிகம், பக்கத்து வீட்டு வைஃபை நெரிசலும் குறைவு. ஆனால் சுவரைக் கண்டால் சீக்கிரம் தளர்ந்துவிடும். ஆசாரத்தில் பறக்கிற அதே சிக்னல் குடோன் தாண்டி அறைக்கு வரும்போது -82 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு; பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது). வீடியோ காலுக்கு -67-க்குக் கீழே இறங்காமல் இருந்தால்தான் நிம்மதி. 2.4-இலேயே இருப்பவர்கள் சேனலை 1, 6, 11 என்ற மூன்றில் ஒன்றாக வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை அவைதான்.

ரவுட்டரின் சிக்னலை வாங்கி மறுபடி பரப்புகிற ரிப்பீட்டரைத்தான் கடைக்காரர் முதலில் நீட்டுவார். நானும் வாங்கினேன். ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புகிற ரகம் என்றால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ரிப்பீட்டர் இருக்க வேண்டிய இடம் ரவுட்டருக்கும் அறைக்கும் நடுவில். எங்கள் நடு என்பது தறிக்குடோன். ஒரே மாதத்தில் காற்றுத் துளையெல்லாம் பஞ்சு அடைத்துச் சூடேறியது. ஷிப்ட் முடிந்து மெயினை இறக்கினால் அதுவும் தூங்கிவிடும். தறி இல்லாத வீடென்றால், வாட்ஸ்அப்பும் யூடியூபும் மட்டும் போதுமென்றால், தாராளமாக வாங்குங்கள்.

மெஷ் என்பது ரிப்பீட்டரின் வசதியான பங்காளி: தங்களுக்குள் பேசி ஒரே வைஃபையாக இயங்கும் பல பெட்டிகள். கோவையில் என் மச்சான் வீட்டு மாடிக்கு அருமையாக வேலை செய்கிறது. ஒரே பெயரில் எல்லா அறையிலும் கிடைக்கிறது. ஆனால் இரண்டு பெட்டிகளுக்கு இடையே பேச்சு காற்றில்தான் என்றால், அதே சுவர், அதே தறி அதற்கும் உண்டு. நடுவே கேபிள் போட்டால் நன்றாக ஓடும் என்கிறார்கள். கேபிள் போட்ட பிறகு எனக்கு எதற்கு அந்த விலை?

வீட்டு மின்கம்பி வழியாகவே டேட்டா அனுப்புகிற பவர்லைன் அடாப்டரும் உண்டு. எங்களுக்குச் சரிவராது. தறிக்குத் தனி சர்வீஸ், வீட்டுக்குத் தனி சர்வீஸ். மீட்டர் தாண்டிச் சிக்னல் தேறுவது சிரமம். மோட்டார்கள் கம்பியில் விடுகிற இரைச்சல் வேறு.

கடைசியில் ஜெயித்தது கேட் 6 என்ற நெட்வொர்க் கேபிள். 100 மீட்டர் வரை போகலாம். எனக்கு 35 மீட்டரே ஆனது. வாங்கும்போது முழுச் செம்பா என்று கேளுங்கள். அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு போட்டதும் அதே பெயரில் விற்கிறது. பிவிசி குழாயில், கரண்டு ஒயரை விட்டு விலகி இழுத்தேன். பரணில் கிடந்த பழைய ரவுட்டரை அறையில் வைத்து, அதன் முகவரியை 192.168.1.2 ஆக மாற்றி, கருவிகளுக்கு முகவரி பங்கிடுகிற டிஹெச்சிபியை அணைத்து, கேபிளை லேன் (LAN) துளையில் செருகினேன். வெளி இணைப்புக்கான வான் (WAN) துளை இல்லை, லேன் துளை. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் பழையதே. சேனல் மட்டும் அங்கே 1, இங்கே 11. பேசும்போது பிசிறே கூடாது என்றால் லேப்டாப்பிலேயே கேபிளைச் செருகிவிடலாம்.

இதிலும் ஒரு குறை உண்டு. சித்திரை இடியில், வெட்டவெளியில் போகும் செம்புக் கேபிள் இரண்டு பக்கப் பெட்டிகளையும் சேர்த்துக் கொண்டுபோக வாய்ப்பிருக்கிறது. என்னுடையது கூரைக்கு அடியிலேயே போகிறது. தோட்டத்துச் சாளைக்கு இழுப்பவர்கள் செம்பை விட்டுவிட்டு ஃபைபரும் இரு முனைக்கு, ஒளியையும் மின் சிக்னலையும் ஒன்றுக்கொன்று மாற்றுகிற மீடியா கன்வெர்ட்டரும் போடுங்கள். கண்ணாடி இழை என்பதால் மின்சாரம் அதில் பாயாது.

இப்போது அப்பாருவின் கேள்வி திரும்பிவிட்டது. போன வாரம் கரண்டு போனபோது ரவுட்டர்கள் இரண்டும் அணைந்தன. "நெட்டுக்கு ஒயர் போட்டியே கண்ணு, இப்பவும் போச்சா?" என்றார். 12 வோல்ட் மினி யூபிஎஸ் இரண்டு சொல்லி வைத்திருக்கிறேன்.