பெரிய கப்பலா, பழைய தபால் கப்பலா? சம்பா அறுத்த கையோடு ஒரு நார்வே பயணம்

பேச்சை ஆரம்பித்தவள் ஹாம்பர்க்கில் வேலை பார்க்கும் என் மகள். "ஜூன்ல வாங்கப்பா, வடக்கே போனா ராத்திரியும் சூரியன் மறையாது" என்றாள். ஜூன் 12 மேட்டூர் திறந்தால் நாற்றங்காலை யார் பார்ப்பது? மன்னார்குடிப் பக்கம் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஜனவரி 28 அணை மூடி, சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் மூட்டையும் எடை போட்டாகிவிட்டால், வயலில் உளுந்து பாட்டுக்கு நிற்கும். அந்த மார்ச்தான் நமக்கு மூச்சு விடும் நேரம். எந்தக் கப்பல் என்பதில் பாதியை இந்தத் தேதியே முடிவு செய்துவிட்டது.

மூவாயிரம், நாலாயிரம் பேர் ஏறும் சொகுசுக் கப்பல்கள் நார்வேக்குப் பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரைதான் போகின்றன. ஒரு வாரம், நாலைந்து ஊர். டிக்கெட் விலை பார்க்க மலிவாக இருக்கும். அப்புறம் பானத்துக்குத் தனி, கரையில் சுற்றிப் பார்க்கத் தனி, பல கப்பல்களில் ஒவ்வொரு நாளும் டிப்ஸ் என்று கணக்கில் தானாக ஏறும். உள்ளே ஒரு கல்யாண மண்டபத்தை ஏழு நாள் வாடகைக்கு எடுத்த மாதிரிதான். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அதுதான் சௌகரியம், குறை சொல்ல மாட்டேன். செங்குத்து மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீளும் கடலைத்தான் ஃபியோர்டு என்கிறார்கள். கெய்ராங்கர் ஃபியோர்டைப் பார்க்கவும் கோடைதான் சரி. 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய இடம் அது. செங்குத்துப் பாறையிலிருந்து ஏழு அருவிகள் பக்கம் பக்கமாக விழுகின்றன. 'ஏழு சகோதரிகள்' என்று பெயர். நம் ஊராக இருந்தால் சப்தகன்னியர் என்று கோயில் கட்டியிருப்போம்.

விசாவில் ஒரு சூட்சுமம். ஹாம்பர்க், கீல் போன்ற ஜெர்மன் துறைமுகத்தில் ஏறினால் ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்துத் தரும் ஒரே விசா, போதும். நார்வே ஐரோப்பிய யூனியனில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் உண்டு. மலிவாக இருக்கிறதே என்று சவுத்தாம்ப்டனில் ஏறினால் பிரிட்டன் விசாவும் எடுக்க வேண்டும்.

நாங்கள் போனது ஹூர்டிக்ரூட்டன். 1893இல் ரிச்சர்ட் வித் என்ற மாலுமி தொடங்கிய கரையோரக் கப்பல் தடம் அது. பெர்கனில் கிளம்பி, ரஷ்ய எல்லைக்குப் பக்கத்தில் உள்ள கிர்கெனெஸ் வரை போய்த் திரும்ப 12 நாள், 34 துறைமுகம். மழையோ பனியோ, ஆண்டு முழுக்க ஓடும். இன்று தபால் இல்லை; சரக்கும் உள்ளூர் ஜனமும் உண்டு. திருத்துறைப்பூண்டி பாசஞ்சர் மாதிரி எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும், சில இடத்தில் கால் மணி நேரம்தான். நடுராத்திரி ஒரு குட்டி ஊரில் எட்டிப் பார்த்தேன். கப்பலின் விலாவில் ஒரு கதவு திறக்க, ஃபோர்க்லிஃப்ட் ஒன்று பனியில் வழுக்காமல் மீன் பெட்டிகளை உள்ளே தள்ளியது. அதே நேரத்தில் கையில் துணிப்பையோடு ஒரு பாட்டி ஏறினார். அடுத்த ஊரில் இறங்கிவிட்டார். பெரிய கப்பலில் இதெல்லாம் கிடைக்காது.

ஆட்டமும் பாட்டமும் இதில் இல்லை. திறந்த கடலில் போகும் இடங்களில் நன்றாக ஆட்டும். என் மனைவி ஒரு பகல் முழுக்கப் படுக்கையை விட்டு எழவில்லை. சாப்பாட்டில் மீன் தாராளம், காரம்தான் பேருக்குக்கூட இல்லை. பருப்புப்பொடி டப்பா எட்டாம் நாளே காலி. குளிர்காலத்தில் கெய்ராங்கருக்குள் இந்தக் கப்பல் போகாது, அந்த நஷ்டத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பதிலுக்கு லோஃபோட்டன் தீவுகளில் கருவாடு கிடைத்தது, அதாவது பார்க்கக் கிடைத்தது. காட் மீனை வாலோடு வால் கட்டி, மரச் சட்டங்களில் ஆயிரக்கணக்கில் தொங்கவிட்டிருக்கிறார்கள். துளி உப்பு கிடையாது, குளிர்காற்றே காய வைக்கிறது. நாகப்பட்டினத்தில் உப்பும் வெயிலும் செய்கிற வேலை! பிப்ரவரியில் கட்டத் தொடங்கி மே வாக்கில் இறக்குகிறார்கள். ஜூலையில் போயிருந்தால் வெறும் சட்டம்தான். வடதுருவ ஒளியும் கோடையில் தெரியாது. ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். மேல்தளத்துக்கு ஓடினோம். முதலில் அடுப்புப் புகை மாதிரி வெளுப்பாக ஏதோ. பிறகு அது நாற்றங்கால் பச்சையாக மாறி நெளிந்தது. "போர்வையை எடுத்துட்டு வந்திருக்கலாம்ங்க" என்றாள் மனைவி. அவ்வளவுதான் பேசினோம்.

இதே தடத்தில் 2021 முதல் ஹாவிலா நிறுவனத்தின் கப்பல்களும் ஓடுகின்றன, மொத்தம் நான்கு. புதியவை, ஃபியோர்டுக்குள் நான்கு மணி நேரம்வரை பேட்டரியிலேயே சத்தமில்லாமல் போகும். தேதி ஒத்துவந்தால் தாராளமாக எடுக்கலாம்.

நாலே நாள்தான் லீவு என்றால் கப்பலை விடுங்கள். ஆஸ்லோவிலிருந்து பெர்கன் ரயில், வழியில் இறங்கி 20 கிலோமீட்டர் ஃப்ளோம் மலை ரயில், அங்கிருந்து குத்வாங்கனுக்கு இரண்டு மணி நேரப் படகு. ஃபியோர்டு ஆசை தீர்ந்துவிடும்.

மகள் இன்னும் விடவில்லை. கெய்ராங்கரைப் பார்க்காமல் என்ன நார்வே என்கிறாள். "குறுவை இல்லாத வருஷமா பார்த்துப் போவோம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டேன்.