ஐம்பத்தெட்டு நிமிடப் பறப்புக்கு ஒன்பது மணி நேரக் காத்திருப்பு

ரொறன்ரோவில் இருந்து விமானச்சீட்டுத் தேடியபோது சென்னை – யாழ்ப்பாணம் 1 மணி 20 நிமிடம் என்று திரையில் தெரிந்தது. நேர்கோட்டில் பார்த்தால் ஏறத்தாழ 360 கிலோமீற்றர். சென்னையிலிருந்து மதுரைக்குப் பறக்கும் தூரத்தைவிடக் குறைவு. கொழும்புக்கு அருகே கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கினால் அதன்பின் வீதியில் ஏழெட்டு மணி நேரம். அம்மாவின் முழங்கால் அதற்கு இணங்காது. இம்முறை யாழ்ப்பாணத்து விமான நிலையமான பலாலிதான் என்று முடிவெடுத்தேன்.

பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொரோனாவோடு நின்றுபோன சென்னைச் சேவை 2022 டிசம்பரில்தான் மீண்டும் தொடங்கியது. ஓடுவது ஏ.டி.ஆர். 72 என்ற சுழல்விசிறி விமானம். மணிக்கு 500 கிலோமீற்றர் வேகம் என்று வைத்தால் முக்கால் மணி நேரத்தில் போய்விட வேண்டுமே என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் கணக்கில்தான் பிழை. மேலேறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் கிடையாது. தவிர, அட்டவணையில் போடும் நேரம் விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, அங்கே போய் நிற்பதில்தான் முடிகிறது. சில்லு தரையை விட்டதிலிருந்து மறுபடி தரையைத் தொடும்வரை என் கைக்கடிகாரத்தில் 58 நிமிடம். இந்திய நேரமும் இலங்கை நேரமும் ஒன்றுதான் என்பதால் கழித்துக் கூட்டும் வேலை இல்லை.

கூத்தெல்லாம் அதற்கு முன்னர் நடந்தது. இலண்டன் வழியாக வந்து சென்னையில் இறங்கும்போது அதிகாலை நாலரை. பலாலி விமானம் பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்று முன்னர். இரண்டும் தனித்தனிச் சீட்டு. ஆகவே இந்திய விசாவோடு குடிவரவைக் கடந்து, பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, மறுபடி உள்ளே போக வேண்டும். இந்த விசாவை மறந்து புறப்பட்டால் கதை கந்தல்.

அடுத்தது நிறை. கனடாவில் ஆளுக்கு இரண்டு பெட்டி, 23 கிலோ வீதம் ஏற்றினார்கள். சிறிய விமானத்தில் அது நடக்குமா? முகப்பில் இருந்த பிள்ளை தராசைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு மெதுவாக, “கூடுதல் கட்டணம் வரும்மா” என்றாள். அம்மா பெட்டியைத் திறந்து, பேரப்பிள்ளைகளுக்கு வாங்கிய சப்பாத்துகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, என்னைப் பார்த்தார். எல்லாவற்றையும் திரும்ப உள்ளே வைத்துவிட்டுக் காசைக் கட்டினேன். முன்கூட்டியே இணையத்தில் கட்டாதது என் சோம்பல்.

இறக்கை மேலே இருப்பதால் யன்னலை எதுவும் மறைக்கவில்லை. கீழே கடல் முடிந்து பனைகள் தெரிந்ததும் அம்மா என் கையைத் தட்டினார். பின்கதவில் இருந்த சில படிகளில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தானே இறங்கினார்.

சென்னையில் இறங்கியதிலிருந்து வீட்டுப் படலை திறக்கும்வரை பன்னிரண்டு மணி நேரம் பிடித்தது. கொழும்பு வழி என்றால் பத்துக்குள் முடிந்திருக்கும். தனியாகப் போனால் நான் அந்த வழியாகவே போவேன். அம்மாவோடு என்றால் மறுபடியும் பலாலிதான். ஆனால் சென்னையில் ஓர் இரவு அறை எடுத்து, அவரைப் படுக்க வைத்துவிட்டு.