துவக்கோடு விமானம் ஏறுவது: தனிப் பெட்டியா, சூட்கேசுக்குள் இரும்புப் பெட்டியா?

ஹூஸ்டனில் இருக்கும் மருமகன் வேலை மாறி டென்வருக்குப் போகிறான். அவனிடம் ஒரு கைத்துவக்கு இருக்கிறது, அதை விமானத்தில் எப்படிக் கொண்டுபோவது என்று வாட்ஸ்அப்பில் கேட்டான். நான் கொக்குவிலுக்குத் திரும்பி நாலு வருடம். அமெரிக்காவில் இருந்த காலத்தில் தனிப் பெட்டியிலும், சூட்கேசுக்குள் வைத்த இரும்புப் பெட்டியிலும் கொண்டுபோயிருக்கிறேன் என்பது அவனுக்குத் தெரியும். குரல் பதிவில் பதில் சொல்லிக்கொண்டிருக்க, குசினிக்குள் இருந்த அம்மா "துவக்கு" என்ற சொல்லைக் கேட்டுவிட்டு வெளியே வந்து, "மெல்லமாக் கதையடா" என்று கேற்றைச் சாத்திவிட்டுப் போனார். அந்தச் சொல்லுக்கு யாழ்ப்பாணத்தில் இன்னும் அவ்வளவு கனம்.

பொது விதி இரண்டுக்கும் ஒன்றுதான். ரவை ஏற்றக்கூடாது, பூட்டிய கடினப் பெட்டிக்குள் இருக்கவேண்டும், செக்-இன் பொதியில் மட்டும் போகலாம், ஒவ்வொரு முறையும் கவுண்டரில் வாய்விட்டுச் சொல்லவேண்டும். தெரிந்த விஷயம்தானே என்று தாண்டிவிடலாம், ஆனால் 2024இல் மட்டும் அமெரிக்க விமான நிலையச் சோதனை வாயில்களில் கைப்பைகளுக்குள் பிடிபட்ட துவக்குகள் 6,678. அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ரவை ஏற்றியவை!

முதலில் தனிப் பெட்டி. உள்ளே நுரை வைத்த, தண்ணீர் புகாத, தடித்த பிளாஸ்டிக். நல்ல பொருள், துவக்கில் ஒரு கீறல் விழாது. என் முதல் பயணம் இதோடுதான். பிரச்சினை என்னவென்றால், துவக்கு இருக்கிறது என்று பொதியின் வெளியே லேபிள் ஒட்டுவதை அமெரிக்கச் சட்டம் தடுக்கிறது, ரவை ஏற்றவில்லை என்று கவுண்டரில் நாங்கள் கையெழுத்து வைக்கும் அட்டைகூட உள்ளேதான் போகும், ஆனால் பெட்டியின் உருவமே ஊருக்கெல்லாம் சொல்லிவிடுகிறது. பொதி சுற்றிவரும் பட்டியில் அது வரும்போது பக்கத்தில் நிற்பவர்கள் பெட்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

அதையும் பொறுக்கலாம். என் மனதை மாற்றியது திறப்பு.

துவக்குப் பெட்டியின் திறப்பு பயணியிடம் மட்டும்தான் இருக்கவேண்டும் என்பது விதி. அதிகாரிகள் மாஸ்டர் திறப்பால் திறக்கக்கூடிய டி.எஸ்.ஏ. (அமெரிக்க விமான நிலையச் சோதனைகளை நடத்தும் அமைப்பு) பூட்டும் போடலாம் என்கிறார்கள், நான் போடமாட்டேன். அந்த மாஸ்டர் திறப்புகளின் படம் 2014இல் ஒரு பத்திரிகையில் வந்து, 2015இல் முப்பரிமாண அச்சில் யாரும் செய்துகொள்ளலாம் என்றாகிவிட்டது. ஆகவே சாதாரண ஆமைப்பூட்டுதான். ஆனால் தனிப் பெட்டியை இப்படிப் பூட்டினால் பொதி முழுவதும் உன் பூட்டுக்குள். ஸ்கேனரில் எதைக் கண்டு சந்தேகப்பட்டாலும் உன்னைத்தான் தேடவேண்டும். எனக்கு அதுதான் நடந்தது. பெட்டியில் இடம் கிடக்கிறதே என்று மனைவி மூலையில் வைத்த மிளகாய்த்தூள் பொதியைக் கண்டு, என்னை ஒலிபெருக்கியில் கூப்பிட்டிருக்கிறார்கள். எங்கள் நீட்டுப் பெயரை அவர்கள் உச்சரித்த விதத்தில் அது என் பெயர் என்றே எனக்கு விளங்கவில்லை, கோப்பி குடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். நான் போய்ச் சேர்ந்தேன், பெட்டி அடுத்த நாள்தான் வந்தது.

அதன்பிறகு எல்லாப் பயணமும் இரும்புப் பெட்டியோடுதான். சிறிய பெட்டி, அதற்கு ஆமைப்பூட்டு, அதிலிருந்து ஒரு கம்பிவடம் சூட்கேசின் இழுபிடிக் கம்பிகளைச் சுற்றி. வெளிச் சூட்கேசைப் பூட்டுவதே இல்லை. மிளகாய்த்தூளோ சவரப் பெட்டியோ, வேண்டியதைக் கிளறிப் பார்க்கட்டும், துவக்குப் பக்கம் கை வைக்கத் தேவையில்லை. இரும்புப் பெட்டியிலேயே சந்தேகம் வந்தால் எப்படியும் கூப்பிடுவார்கள்தான், எனக்கு ஒருமுறையும் அப்படி வரவில்லை. குறையும் இருக்கிறது. இரண்டு கிலோ கூடும், 23 கிலோ எல்லைக்குள் அது வலிக்கும். மலிவான தகரப் பெட்டி வாங்காதே, மூலையை விரலால் நெம்ப முடிகிறதென்றால் ஏற்கமாட்டார்கள். துவக்கு வாங்கியபோது கிடைத்த பிளாஸ்டிக் பெட்டியையும் நம்பாதே.

நீளத் துவக்கு நான் கொண்டுபோனதே இல்லை. வேட்டைக்குப் போகும் என் பழைய அயலவர் நீளப் பெட்டியோடுதான் போவார், சூட்கேசுக்குள் அது அடங்காது. ஆகவே நான் சொல்வதெல்லாம் கைத்துவக்குக்கு மட்டும்.

இறங்கிய பின் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. 2017 ஜனவரியில் ஃபோர்ட் லாடர்டேல் விமான நிலையத்தில் ஒருவன் பொதியில் வந்த தன் துவக்கை எடுத்து அங்கேயே 5 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு, சில விமானக் கம்பனிகள் இப்படியான பொதிகளை அலுவலகத்தில் அடையாள அட்டை பார்த்துத்தான் கொடுக்கின்றன.

மருமகனுக்கு நேர் விமானம் பிடி என்றேன். 2005இல் ஒருவர் இணைப்பு விமானம் தவறி, நியூ ஜெர்சி மாநிலத்தின் நுவார்க்கில் துவக்கு இருந்த பொதியைக் கையில் வாங்கி ஹோட்டலில் ஒரு இரவு தங்கிவிட்டு, காலையில் கவுண்டரில் முறைப்படி சொன்னதற்கே கைதானார். நியூ ஜெர்சிச் சட்டம் வேறு. டென்வர் இருக்கும் கொலராடோவிலும் 2013இலிருந்து 15 ரவைக்கு மேல் கொள்ளும் மகசினுக்குத் தடை, அதைப் பார்த்துக்கொள் என்றும் சொன்னேன்.

என் துவக்கை வருவதற்கு முன்பே அங்கே கடையில் கொடுத்துவிட்டேன். இரும்புப் பெட்டி மட்டும் கூட வந்தது. இப்போது அலுமாரிக்குள் காணி உறுதிகளோடு இருக்கிறது, திறப்பு அம்மாவிடம்.