டோங்காட் பக்கம் பொரித்து ஒரு நாளான கோழிக்குஞ்சு வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

தென்னாப்பிரிக்காவில் வெருலம், டோங்காட் ரோட்டோரம் பக்கியில் (பின்பக்கம் திறந்த சின்ன வண்டி) அட்டைப்பெட்டிகளை அடுக்கிவைத்துக் கோழிக்குஞ்சு விற்பவர்களிடம் வாங்கும் எண்ணம் இருந்தால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். விற்றவர் பேரைப் போடப்போவதில்லை. அவர் பேசும் பேச்சை எழுதுகிறேன், அது போதும்.

ஆடிக் கூழுக்கு அம்மனுக்கு வீட்டில் வளர்த்த சேவலைத்தான் கொடுக்கவேண்டும் என்று என் மாமியார் ஒரே பிடிவாதம். அதற்குள் வளர்ந்து நிற்கவேண்டுமே என்று பிப்ரவரியிலேயே நாட்டுக் குஞ்சு வாங்கினோம். "நேத்துதான் பொரிச்சுது அக்கா, ஒண்ணுகூட சாகாது" என்று சொல்லி, டேப் ஒட்டிய பெட்டியைக் கையில் திணித்தார். வழியில் திறந்தால் குஞ்சு மிரண்டுவிடுமாம், வீட்டுக்குப் போய்த் திறக்கச் சொன்னார். எவ்வளவு அக்கறை பாருங்கள்!

வீட்டில் திறந்தால் பாதிக் குஞ்சுகள் கண்ணை மூடித் தலையைத் தொங்கப்போட்டு நிற்கின்றன. ஒன்றை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். வயிறு தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி உப்பிக் கிடந்தது. தொப்புள் மூடவே இல்லை. அந்த இடத்தில் ஈரமாக ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் தோல் நீலம் பாய்ந்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் அழுகல் வாடை. விடிவதற்குள் சாக ஆரம்பித்துவிட்டன.

போன் போட்டால் விற்றவரிடம் பதில் தயாராக இருந்தது. "சூடு பத்தல அக்கா. உங்க ஏரியாவுல கரண்ட் போயிருக்கும்." கேபிள் திருடர்கள் புண்ணியத்தில் கரண்ட் போனது உண்மைதான். ஆனால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வைத்திருந்தேன். குஞ்சின் முதுகு உயரத்தில் தெர்மாமீட்டர் 33, 34 டிகிரி காட்டியது. முதல் வாரத்துக்கு 32 முதல் 35 வரை இருக்கவேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி போலக் குறைத்துக்கொண்டு வரலாம். தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் குஞ்சுகளே காட்டிக்கொடுத்துவிடும். குளிர்ந்தால் விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தும். சூடு அதிகமானால் விலகிப்போய் இறக்கையை விரித்து மூச்சு வாங்கும். எங்கள் பெட்டியில் நல்ல குஞ்சுகள் பரவலாகப் படுத்திருந்தன, நோய்ப்பட்டவை விட்ட இடத்திலேயே நின்றன.

அடுத்து, "அப்போ அது காக்சி. என்கிட்ட மருந்து இருக்கு" என்றார். 120 ராண்ட் வாங்கிக்கொண்டு ஒரு பழுப்பு நிற பாட்டிலைக் கொடுத்தனுப்பினார். லேபிள் இல்லை. இங்கே டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கும் கால்நடை மருந்துகளைப் பெரும்பாலும் 1947ஆம் ஆண்டின் 36ஆம் சட்டப்படி பதிவு செய்து, ஜி எழுத்தோடு ஒரு பதிவு எண்ணை லேபிளில் போடவேண்டும். அது இல்லாத பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

அப்படியே நல்ல மருந்தாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. காக்சி என்பது எச்சம் கலந்த படுக்கையைக் கொத்தும்போது குடலுக்குள் போகும் ஒட்டுண்ணி. அது உள்ளே பெருகவே நாளாகும். பெரும்பாலும் மூன்றாவது வாரத்துக்கு மேல்தான் குஞ்சைச் சாய்க்கும். முந்தாநாள் முட்டையை உடைத்துக்கொண்டு வந்த குஞ்சுக்குக் காக்சி என்று சொல்கிறவர், ஒன்று விஷயம் தெரியாதவர், இல்லை நமக்குத் தெரியாது என்று நினைப்பவர்.

செத்த குஞ்சு ஒன்றைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். அறுத்துக் காட்டினார். பொரித்த சில நாளில் உடம்புக்குள் வற்றிவிடவேண்டிய மஞ்சள் கரு அப்படியே பை நிறைய, பச்சையும் பழுப்புமாகத் தண்ணியாக இருந்தது. தொப்புள் வழியாகக் கிருமி ஏறியிருக்கிறது. அழுக்கு முட்டையை அடையில் வைப்பது, இன்குபேட்டரைக் கழுவாமல் அடுத்த ஈடு போடுவது, ஈரப்பதம் அதிகமாகித் தொப்புள் மூடாமல் போவது, இவைதான் பெரும்பாலும் காரணமாம். இதற்கு நம்பி கொடுக்கக்கூடிய மருந்து கிடையாது என்றும் சொல்லிவிட்டார். நோய்க் குஞ்சைத் தனியே பிரித்து, சூடு கொடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் அலகைத் தொட்டுவிட்டு, மற்றவற்றின் படுக்கையை உலர்வாக வைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

இந்தத் தொப்புள் நோயையும் பின்பக்கம் எச்சம் ஒட்டி அடைத்துக்கொள்வதையும் சிலர் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். எச்சம் அடைப்பது வாலடியில் வருவது, பிழைக்கவைக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஊறவிட்டுத் துடைத்து, ஈரம் போகக் காயவைத்தால் போதும். தொப்புளில் இருக்கும் பொருக்கை எச்சம் என்று நினைத்துப் பிய்த்துவிடாதீர்கள், குடலே வெளியே வந்துவிடும்.

பணத்தைக் கேட்டதற்கு, "உயிருள்ள சாமானுக்கு ரிட்டர்ன் கிடையாது" என்றார். இப்போது போனையே எடுப்பதில்லை.

யாரிடம் வாங்கினாலும் பெட்டியை அங்கேயே திறக்கச் சொல்லுங்கள். நாலைந்து குஞ்சைக் கவிழ்த்துப் பாருங்கள். தொப்புள் காய்ந்து மூடியிருக்கவேண்டும், வயிறு மெத்தென்று இருக்கவேண்டும். திறக்கமாட்டேன் என்றால் நடையைக் கட்டுங்கள். வாங்கி இறந்துபோனால் உடலை ஃப்ரீஸரில் போடவேண்டாம், ஃப்ரிட்ஜில் வையுங்கள். உறைந்துபோனால் சோதிப்பது சிரமம். பீட்டர்மாரிட்ஸ்பர்கில் ஆலர்ட்டன் அரசு கால்நடை ஆய்வகம் இருக்கிறது, எப்படி அனுப்புவது என்று முதலில் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதே பழுப்பு பாட்டில் உங்கள் வீட்டிலும் இருந்தால் கொட்டிவிடாதீர்கள். படம் எடுத்து, பணம் கொடுத்த மெசேஜையும் சேர்த்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். நாலு பேராகச் சேர்ந்து புகார் கொடுக்கலாம்.