கேஸ் ஃபர்னஸ் பழுதுநீக்கும் சேவை: அளந்து பார்த்த பிறகே கழற்றினார்கள்

எங்கள் வீட்டை வெதுவெதுப்பாக வைக்கும் கேஸ் ஃபர்னஸ் சற்று நேரம் நன்றாகச் சூடேற்றிவிட்டு, அறைகளுக்குக் காற்றைத் தள்ளும் விசிறியான ப்ளோயர் ஓடிக்கொண்டிருக்கும்போதே குளிர்ந்த காற்றை அனுப்பத் தொடங்கியது. முதலில் வந்த நிறுவனத்தார் எதையும் சோதிக்காமல், ஃபர்னஸை இயக்கும் மின்னணுப் பலகையான கண்ட்ரோல் போர்டையே மாற்றச் சொல்லிச் சென்றதால், வேறொரு நிறுவனத்தை அழைத்தோம். இந்த மதிப்புரை அந்த இரண்டாம் நிறுவனத்தின் வேலையைப் பற்றியது.

வந்த டெக்னீஷியன் தெர்மோஸ்டாட்டைக் கூட்டி வைத்துவிட்டு, ஃபர்னஸின் ஓட்டத்தை ஆரம்பம் முதல் கவனித்தார். புகையை வெளியேற்றும் சிறு விசிறி சுழன்றது, தீ பற்றவைக்கும் இக்னைட்டர் சிவந்தது, கேஸ் வால்வு திறந்து பர்னர்கள் பற்றின, சற்றுப் பொறுத்து ப்ளோயர் ஓடியது. சில நிமிடங்களில் தீ மட்டும் அணைந்தது. பற்றிய சில வினாடிகளிலேயே அணைந்தால் தீ எரிகிறதா என்று கண்டறியும் ஃப்ளேம் சென்சாரைச் சந்தேகிக்கலாம் என்றும், இப்படி நன்றாக எரிந்து சூடேறிய பிறகு அணைவது பெரும்பாலும் உள்ளே வெப்பம் மிகுந்து லிமிட் சுவிட்ச் கேஸை நிறுத்துவதால்தான் என்றும் அவர் விளக்கினார். போர்டில் விளக்கு மின்னிய எண்ணிக்கையைக் கதவின் உட்புற அட்டவணையோடு ஒப்பிட்டபோது அதுவே உறுதியானது. அந்தச் சுவிட்சை மாற்றினால் போதுமா என்று கேட்டதற்கு, “அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, காற்றோட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்” என்றார். இந்த ஒரு பதிலுக்காகவே இவர்களைப் பரிந்துரைப்பேன்.

ஃபர்னஸுக்குள் செல்லும் காற்றுக்கும் அதிலிருந்து வெளிவரும் காற்றுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடு, அதன் பெயர்ப்பலகையில் அச்சிட்டிருந்த வரம்பைத் தாண்டியிருந்தது; காற்று போதிய அளவு ஓடவில்லை என்பதற்கு அது அடையாளம். ஃபில்டர் சுத்தமாக இருந்ததால் ப்ளோயரைக் கழற்றினார்; அதன் இதழ்களின் குழிவு முழுவதும் சாம்பல் நிறத் தூசு கம்பளி போல அப்பியிருந்தது. தூசை நீக்கிப் பொருத்தி மீண்டும் அளந்தபோது வேறுபாடு வரம்புக்குள் வந்தது. தெர்மோஸ்டாட் நிறுத்தும் வரை தீ அணையவில்லை.

குறை ஒன்று உண்டு, அது சிறியதன்று. அடிக்கடி மிகையாகச் சூடேறிய ஃபர்னஸில், எரிந்த புகையை வீட்டுக் காற்றோடு கலக்காமல் அதன் வெப்பத்தை மட்டும் கடத்தும் உலோகப் பகுதியான ஹீட் எக்ஸ்சேஞ்சர் விரிசல் விட வாய்ப்புண்டு. அதன் வழியே கசியக்கூடிய நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அப்படியிருந்தும் அந்தச் சோதனையை நாங்கள் கேட்ட பிறகே செய்தார்கள். கசிவு இல்லை என்று வாய்மொழியாகச் சொன்னார்களே தவிர, எடுத்த அளவுகள் எதையும் ரசீதில் எழுதித் தரவில்லை. இவர்களை அழைப்போர் இவ்விரண்டையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.