பிள்ளைகளோடு போகத் தக்க நூலகம்: ஹெல்சிங்கியின் ‘ஓடி’

சிறு பிள்ளைகளோடு சில காலத்துக்கு மட்டும் அயல்நாட்டில் குடியிருக்கும் குடும்பத்துக்கு, வாடகை வீட்டைத் தவிர இன்னோர் இடமும் தேவைப்படுகிறது. காசு கொடுக்காமல், யாருடைய முகக்குறிப்பையும் பார்த்துத் தயங்காமல் போய் உட்காரக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும். பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில் எங்களுக்கு அப்படி வாய்த்தது ‘ஓடி’ மத்திய நூலகம். அதன் கட்டடக் கலையைப் பாராட்டிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பாராட்டுக்கு அது தகுதியானதும்கூட. ஆனால், பள்ளி செல்லும் வயதை எட்டாத இரண்டு பிள்ளைகளையும் முடிக்க வேண்டிய எழுத்து வேலையையும் ஒருசேரக் கொண்டு போகிற தகப்பனுக்கு அந்த நூலகம் எந்த அளவுக்கு உதவுகிறது என்பதையே இங்கே மதிப்பிட விரும்புகிறேன்.

நகரின் நடுவில், தலைமை ரயில் நிலையத்துக்கு அருகில், நாடாளுமன்றத்துக்கு எதிரே இந்நூலகம் இருக்கிறது. 1917இல் விடுதலை பெற்ற பின்லாந்து தன் நூற்றாண்டையொட்டி மக்களுக்கு அளிக்கும் பரிசாக இதைத் திட்டமிட்டது. விடுதலை நாளுக்கு முந்தைய நாளான 2018 டிசம்பர் 5 அன்று நூலகம் திறக்கப்பட்டது. போட்டிக்கு வந்த 544 வடிவமைப்புகளில் ஹெல்சிங்கியைச் சேர்ந்த ஏஎல்ஏ நிறுவனத்தின் வடிவமைப்பு தேர்வானது. செலவு சுமார் 9.8 கோடி யூரோ, அதில் 3 கோடியை நாட்டின் அரசு கொடுத்தது. மூன்றாம் தளத்தின் வெளிமாடம், சதுக்கத்துக்கு அப்பால் இருக்கும் நாடாளுமன்றப் படிக்கட்டின் உச்சிக்குச் சமமான உயரத்தில் அமைந்திருக்கிறது. குடிமக்களும் அவர்களுடைய பிரதிநிதிகளும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும் என்ற எண்ணத்தை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லும் பொதுக் கட்டடங்கள் அரிது.

அங்கே போய்ச் சேருவதே பெற்றோருக்கு எளிதாக்கப்பட்டிருக்கிறது. ஹெல்சிங்கி வட்டாரத்தில், ஆறு வயது வரையிலான குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வருபவர் பேருந்து, டிராம், மெட்ரோ எதிலும் பயணச்சீட்டு வாங்க வேண்டியதில்லை. டிசம்பரில் பகல் வெளிச்சம் ஆறு மணி நேரம்கூட நீடிக்காத ஊரில், பனி உடையை மாட்டி, கையுறையைத் தேடி, அதற்குள் அழத் தொடங்கிவிட்ட கைக்குழந்தையைத் தேற்றி வீட்டை விட்டு வெளியேறுவதற்குள் பெற்றோரின் பாதி உறுதி கரைந்துவிடும் என்பது அப்படி வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். பயணச்சீட்டைப் பற்றிய கவலையாவது இல்லாதிருப்பது அந்த நேரத்தில் பெரிய உதவி. உள்ளேயும் தள்ளுவண்டியோடு மின்தூக்கியில் ஏறி எந்தத் தளத்துக்கும் போகலாம்.

மூன்றாம் தளம்தான் இந்நூலகத்தின் உயிர். கண்ணாடிச் சுவர்களால் சூழப்பட்ட ஒரே நீண்ட கூடம் அது. அலைபோல வளையும் வெண்ணிறக் கூரை, தாழ்ந்த புத்தக அடுக்குகள், இடையிடையே தொட்டிகளில் வளரும் மரங்கள். கூடத்தின் இரு முனைகளிலும் மரத் தரை மெல்ல மேலேறுவதால் பிள்ளைகளுக்கு அந்தச் சரிவே விளையாட்டுத் திடலாகிவிடுகிறது. குழந்தைகள் பிரிவு தனி அறையில் பூட்டி வைக்கப்படவில்லை. பெரியவர்கள் படிக்கும் அதே கூடத்தின் ஒரு பக்கத்தில், கதவோ சுவரோ இல்லாமல் அது அமைந்திருக்கிறது. இந்த ஏற்பாட்டைத்தான் நான் மிக உயர்வாக மதிக்கிறேன். பிள்ளை சத்தம் போட்டுவிட்டால் அயல்நாட்டில் நமக்கு உடனே தோன்றும் கூச்சம், சொந்த ஊரில் தோன்றுவதைவிடப் பல மடங்கு பெரியது. மொழி தெரியாததால் மன்னிப்புக் கேட்கக்கூடத் தடுமாறுவோம். அந்தக் கூடத்தில் குழந்தையின் குரல் எதிர்பார்க்கப்பட்ட ஒன்று. என் சின்னவன் சரிவில் உருண்டு கூவியபோது, அருகில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த முதியவர் கால்களைச் சற்று ஒதுக்கிக்கொண்டு படிப்பைத் தொடர்ந்தார். அன்றாடம் நடக்கும் ஒன்றாகவே அவர் அதை எடுத்துக்கொண்டார்.

திருப்பிக் கொடுக்கப்படும் நூல்களைத் தானியங்கி அமைப்பு வகைபிரிக்க, நடமாடும் ரோபோக்கள் அவற்றை மின்தூக்கியில் ஏற்றி மூன்றாம் தளத்துக்குக் கொண்டு வருகின்றன. மூத்தவளுக்கு அவை வரும் வழியில் நின்று பார்ப்பதே தனி மகிழ்ச்சி. புத்தகம் தானாக அடுக்கில் முளைப்பதில்லை, அது போகிறது, வருகிறது, இன்னொருவர் கையிலிருந்து நம் கைக்கு வருகிறது என்பதை ஐந்து வயதுப் பிள்ளை தன் கண்ணால் கண்டு புரிந்துகொள்ள முடிகிறது. மொழி தெரியாத படப் புத்தகங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பின்னிஷ், ஸ்வீடிஷ் மொழிகளில் இருக்கும் அந்தப் புத்தகங்களை எடுத்து, படத்தை மட்டும் பார்த்துத் தமிழில் கதை கட்டிச் சொல்வது எங்கள் வழக்கமானது. ஒரே புத்தகம் ஒவ்வொரு முறையும் வேறொரு கதையாக வளர்ந்தது. பிள்ளையும் கதையைத் திருத்தினாள், மறுத்தாள், தன் பங்கைச் சேர்த்தாள். வீட்டுக்கு வெளியே தமிழ் கேட்காத ஊரில் எங்கள் மொழி மிக நன்றாகப் புழங்கியது அந்த மரத் தரையில்தான்.

இரண்டாம் தளம் முற்றிலும் வேறு வகையானது. தையல் இயந்திரங்கள், முப்பரிமாண அச்சு இயந்திரங்கள், பெரிய சுவரொட்டிகளை அச்சிடும் கருவிகள், இசைப் பதிவு அறைகள், விளையாட்டு அறைகள் எல்லாம் அங்கே உண்டு. பெரும்பாலானவற்றை முன்பதிவு செய்து பயன்படுத்தலாம். இவை நூலகத்துக்கு எதற்கு என்று எனக்கும் முதலில் தோன்றியது. தற்காலிகமாக வாழும் குடும்பத்தின் நிலையிலிருந்து பார்த்தபோது அதன் நியாயம் விளங்கியது. ஒப்பந்தம் முடிந்ததும் பெட்டி கட்ட வேண்டிய நாம் தையல் இயந்திரமோ அச்சு இயந்திரமோ வாங்கிவைக்க முடியாது. ஆனால் பனிச்சறுக்கில் கிழிந்த பிள்ளையின் கால்சட்டையைத் தைத்தாக வேண்டும், விண்ணப்பங்களை அச்சிட்டாக வேண்டும். புத்தகங்களுக்கும் இதே கணக்குத்தான். விமானத்தில் அனுமதிக்கப்படும் எடைக்குள் ஒரு குடும்பத்தின் வாசிப்பை அடக்கிவிட முடியாது என்பதால், சொந்தமாக வாங்காமலே நிறைவாக வாழ்வதற்கு வழி செய்து கொடுக்கும் இடம் குடியேறிகளுக்கும் வந்து போவோருக்கும் இரட்டிப்புப் பயன் தருகிறது.

எழுதுவதற்கு? அதே தளத்தில் அமைதியாக வேலை செய்வதற்கென்று தனியறை இருக்கிறது. மனைவி பணி முடிந்து வந்து பிள்ளைகளைப் பொறுப்பேற்றுக்கொள்ளும் மாலைகளில் நான் அங்கே எழுதினேன். மற்ற நேரங்களில், மேல்தளத்தில் பிள்ளைகளைக் கண் பார்வையில் வைத்துக்கொண்டு, மடியில் குறிப்பேட்டோடு எழுத முடிந்ததை எழுதினேன். நீண்ட நேரம் மனம் ஒன்றிச் செய்ய வேண்டிய வேலைக்கு மேல்தளம் உதவாது. திருத்தம் பார்க்கவும் குறிப்பெடுக்கவும் போதுமானது. உணவகத்தில் உட்கார்ந்து எழுதுபவர் காபி தீர்ந்ததும் எழுந்துவிட வேண்டுமோ என்று எண்ணிக்கொண்டிருப்பார். இங்கே அந்த எண்ணத்துக்கே இடமில்லை. பொது நூலகத்தைப் பயன்படுத்துவதற்கும் நூல் இரவல் பெறுவதற்கும் கட்டணம் கூடாது என்று பின்லாந்தின் நூலகச் சட்டமே சொல்கிறது. 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், வாழ்நாள் முழுவதும் கற்பதையும் கருத்துச் சுதந்திரத்தையும் மக்களாட்சியையும் வளர்ப்பது நூலகத்தின் கடமை என்கிறது.

உள்ளே வந்து உட்காருவதற்கு எந்த அட்டையும் வேண்டாம். நூல்களை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் புகைப்பட அடையாள ஆவணத்தையும் பின்லாந்து முகவரியையும் கொடுத்து அட்டை பெறலாம். சிறுவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதலோடு தனி அட்டை உண்டு. நூல்களுக்குக் கடன் காலம் பொதுவாக 28 நாள்கள். தன் பெயரில் அட்டை வைத்திருக்கும் பிள்ளையின் பெருமிதத்தைப் பார்ப்பதற்காகவாவது அதைத் தனியாக வாங்கிக் கொடுக்கும்படி பெற்றோரைக் கேட்டுக்கொள்வேன்.

குறைகளாகக் கருதக்கூடியவற்றையும் சொல்லியாக வேண்டும். திறந்த முதல் ஆண்டிலேயே 30 லட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகளைக் கண்ட கட்டடம் இது. சனி, ஞாயிறுகளில் கூட்டம் இருக்கத்தான் செய்யும். ஒரே கூடமாக இருப்பதால் ஒலி எங்கும் பரவுகிறது. பிள்ளைகளை வரவேற்கும் அதே வடிவம், உறங்க வேண்டிய கைக்குழந்தைக்கு இடைஞ்சலாகவும் ஆகிறது. இவ்வளவு பெரிய கட்டடத்தில் உள்ள நூல்கள் சுமார் ஒரு லட்சம் மட்டுமே என்பதால், ஆழ்ந்து ஆராய வேண்டியவர்கள் மற்றக் கிளைகளிலிருந்து நூல்களை முன்பதிவு செய்து வரவழைக்க நேரும். தமிழ் நூல்களை நம்பிப் போக வேண்டாம்; பிள்ளைகளுக்கு வேண்டிய சில தமிழ்ப் புத்தகங்களைப் பெட்டியிலேயே எடுத்துச் செல்வது நல்லது. பல மொழி நூல்களைச் சேர்த்து நாடெங்கும் இரவல் கொடுக்கும் பன்மொழி நூலகச் சேவை ஒன்றை ஹெல்சிங்கி நகர நூலகம் நடத்துகிறது. அங்கே கேட்டுப் பார்க்கலாம். தரைத்தளத்தில் உணவகம் இருக்கிறது என்றாலும், ஒற்றைச் சம்பளத்தில் வாழும் குடும்பம் அதை அன்றாட வழக்கமாக வைத்துக்கொள்ள முடியாது.

கூட்டத்தைத் தவிர்க்க நினைப்பவர்கள் வார நாள்களின் காலை வேளையில் போவது நல்லது. கட்டடம் 8 மணிக்கே திறந்துவிடும். குழந்தைகள் பிரிவில் விரும்பிய இடம் கிடைக்கும், கிழக்கு வெயில் இருக்கும் பருவமானால் அதுவும் சேர்ந்து கிடைக்கும். கைக்குழந்தை சத்தத்தைத் தாங்காது என்றால், குடியிருக்கும் பகுதியில் உள்ள கிளை நூலகத்தை அன்றாடப் புழக்கத்துக்கு வைத்துக்கொண்டு, ‘ஓடி’க்கு வாரம் ஒருமுறை போகலாம். ஹெல்சிங்கி, எஸ்போ, வன்டா, கௌனியைனென் ஆகிய நான்கு நகரங்களின் நூலகங்களும் ‘ஹெல்மெட்’ என்னும் ஒரே வலைப்பின்னலில் இணைந்திருப்பதால் ஒரே அட்டை எல்லாவற்றிலும் செல்லும். ஓரிடத்தில் எடுத்த நூலை, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னோரிடத்தில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.