ஒன்பது ஆண்டுகள் .375 ரவைகளைக் கையால் நிரப்பிய அனுபவம்

கொழும்பு செட்டியார் தெருவில் நகைப்பட்டறை நடத்திய குடும்பத்தில் பிறந்த நான், வேலை நிமித்தம் தென்னாபிரிக்காவின் லிம்போபோ மாகாணத்தில் வாழ்ந்த 9 ஆண்டுகளும், அந்நாட்டுச் சட்டப்படி அனுமதி பெற்று, .375 ஹொலண்ட் அன்ட் ஹொலண்ட் மெக்னம் என்னும் பெருவிலங்கு வேட்டைத் துப்பாக்கி ரவைகளை, சுட்ட பித்தளைக் கோதில் புதிய வெடிமருந்தும் குண்டும் வைத்து, நானே நிரப்பிப் பயன்படுத்தினேன். 1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நடைமுறையிலுள்ள இலங்கையில் இதற்கு வேலையில்லை என்பதால், கருவிகளையெல்லாம் அங்கேயே ஒரு நண்பரிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பினேன்.

கடைகளில் இந்த ரவை விலை கூடியது. பல மாதங்கள் கிடைக்காமலும் போகும். அதைவிட முக்கியமாக, ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒத்துவரும் மருந்தளவு சற்றே வேறுபடுவதால், தனக்கு ஏற்ற அளவைத் தேடிக் கண்டவருடைய குறி தவறுவது குறைவு.

நான் மிகவும் நம்பிய கருவி தராசுதான். மருந்தையும் குண்டையும் கிரெயின் கணக்கில் நிறுப்பார்கள். ஒரு இறாத்தலுக்கு 7000 கிரெயின். 300 கிரெயின் குண்டு ஒன்று 19.4 கிராம், அதாவது நம் கணக்கில் ஏறத்தாழ இரண்டரைப் பவுன். முதலில் வாங்கிய மின்தராசு அரை மணி நேரத்துக்குள் பூச்சியத்தை விட்டு நகர்ந்துவிடும் என்பதால், கோல் தராசுக்கு மாறினேன். பொன் நிறுக்கும்போது அப்பா மின்விசிறியை நிறுத்திவிட்டு மூச்சையும் அடக்கிக்கொள்வார். அந்தப் பழக்கம் எனக்கு அங்கே பெரிதும் கைகொடுத்தது. மருந்தளவை, தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள தொடக்க அளவிலிருந்து படிப்படியாகத்தான் உயர்த்தினேன்.

கோதை அச்சுக்குள் அழுத்தி உருவைச் சரிசெய்யும் பிரஸ் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ராக் சக்கர் என்னும் வார்ப்பிரும்பு பிரஸ் 9 ஆண்டுகளில் ஒருமுறைகூடப் பழுதாகவில்லை. மசகு போதாமல் கோது ஒன்று அச்சுக்குள் இறுகியது ஒரு தடவைதான். அதை எடுக்க ஒரு முழு மாலை சென்றது.

வெப்பம் மட்டும் நான் தாமதமாகக் கற்ற பாடம். ஜூலை மாதக் குளிரில் இதமாகச் சுட்ட அதே ரவை, ஜனவரி வெயிலில் அழுத்தம் கூடி, துப்பாக்கியில் ரவை நிற்கும் அறையைப் பூட்டும் போல்ட்டைத் தூக்கவே சிரமம் தந்தது. மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரின் விளிம்பும் தட்டையாகியிருந்தது. அதன்பிறகு எந்த அளவையும் வெயில் காலத்தில் சோதிக்காமல் இறுதி செய்வதில்லை. பின்னுதைப்பில், மகசினில் காத்திருக்கும் ரவைகளின் குண்டுகள் கோதுக்குள் பின்தள்ளப்படாதபடி, கோதின் வாயை நன்றாக இறுக்குவதையும் தவறவிட்டதில்லை.

ஆனால், இந்த ரவையை நிரப்புபவர் எதைவிடவும் கவனிக்க வேண்டியது கோதின் அடிப்பகுதியைத்தான். 1912 இல் கோர்டைட் என்னும் பழைய வகை வெடிமருந்துக்காக வடிவமைக்கப்பட்ட இந்தக் கோதின் தோள், அதாவது கழுத்தை நோக்கிக் குறுகும் பகுதி, நீண்டு சரிந்தது. அதனால் அறைக்குள் கோது நிற்கும் இடத்தைத் தீர்மானிக்க, அடியில் ஒரு பட்டியை வைத்தார்கள். பட்டியை மட்டும் நம்பி, அச்சை அடிவரை இறக்கித் தோளை ஒவ்வொரு முறையும் பின்னே தள்ளினால், சுடும்போதெல்லாம் பித்தளை முன்னோக்கி நீண்டு, பட்டிக்குச் சற்று மேலே சுவர் மெலிந்துகொண்டே போகும். வெளியே அது நூல் பருமனுள்ள ஒரு பளபளப்பான வளையமாகத் தெரியும். நுனி வளைத்த மெல்லிய எஃகுக் கம்பியை உள்ளே விட்டு, சுவரைத் தடவியபடி மேலே இழுத்தால், அந்த இடத்தில் நுனி ஒரு பள்ளத்தில் இடறி நிற்பதை விரல் உணரும். அப்படிப்பட்ட கோது அடுத்த வெடிப்பில் இரண்டாகப் பிரியலாம். காட்டெருமை எதிரே நிற்கும்போது பாதிக் கோது அறைக்குள் சிக்கிக்கொண்டால் இரண்டாவது வேட்டுக்கு வழியில்லை.

முதல் ஆண்டில் என் கோதுகள் மூன்றாவது முறையிலேயே வளையம் காட்டின. அச்சைச் சற்று உயர்த்தி, தோள் மயிரிழை மட்டும் பின்வாங்கும்படி அமைத்த பிறகு, ஏழு முறை வரை தாங்கின. பள்ளம் உணர்ந்த கோதுகளைக் குப்பையில் முழுதாகப் போடாமல், வேறு யாரும் தவறியும் எடுத்து நிரப்பாதபடி, குறட்டால் வாயை நசுக்கியே போட்டேன்.